மின்தடை

மோல்மீனில் எங்கள் சந்துக்குப் பதினேழு மூங்கில் கம்பம்.
பதினேழாவதில் நாங்கள்.
முனை டிரான்ஸ்பார்மரில் இருநூற்றிருபதாகக் கிளம்பும் வோல்ட்
எங்கள் வாசலுக்கு வரும்போது
கடைசிப் பந்தி ரசம்.

ஆறரைக்குப் பிள்ளைகள் கத்துவார்கள்:
மீ லா பீ! கரண்ட் வந்துடுச்சு!
வந்தது வந்ததுதான்.
எவ்வளவு வந்தது?

நான் பருப்புக் கடையில் பேரேடு எழுதுகிறவள்.
ஐம்பது கியாட் உதைத்தாலும் தூக்கம் வராது.
குக்கரைக் கவிழ்த்தேன். அடியில் ஒட்டிய தகரத்தில்
220 வோல்ட், 500 வாட்.
வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுத்தால்
தொண்ணூற்றாறே முக்கால் ஓம், சொச்சம்.
அது குக்கரின் குணம். எந்நேரம் கேட்டாலும் ஒரே பதில்.
சூடேறினால் கொஞ்சம் மாறும் என்றார்
வயரிங் வேலை செய்கிற செல்வநேசன்.
அந்தக் கொஞ்சத்தை நான் தள்ளுபடி செய்தேன்.

அவரிடமே மீட்டர் இரவல் வாங்கி
ஏழு மணிக்குக் குத்திப் பார்த்தேன்.
நூற்றுப்பத்து. கத்தியால் அறுத்த மாதிரி பாதி.

பாதி வோல்ட் என்றால் பாதிச் சூடு,
அரிசிக்கு இன்னொரு மடங்கு நேரம், அவ்வளவுதானே
என்று இரண்டு வருஷம் காத்திருந்திருக்கிறேன்.
இல்லை.
அழுத்தம் பாதியானால் ஓட்டமும் பாதி.
பாதியில் பாதி, கால்.
ஐந்நூறு வாட், நூற்றிருபத்தைந்து.
அதில் அரிசி வேகாது.
வெதுவெதுப்பில் உட்கார்ந்து
யோசிக்கும்.

மீதி எங்கே?
கம்பத்துக்குக் கம்பம் தொங்குகிற ஒல்லிக் கம்பியில்.
சந்து முழுக்கச் சுமார் இருபத்திரண்டு ஆம்பியர்,
வழியில் தொலைந்தது நூற்றுப்பத்து வோல்ட்,
பெருக்கினால் இரண்டாயிரத்து நானூற்றிருபது வாட்.
ஏறக்குறைய ஐந்து குக்கர் சோறு
கம்பியிலேயே வெந்துபோகிறது.
மழைக்காலத்துக் காக்கைகள் அதில் குளிர்காய்கின்றன.

கடையில் முன்பணம் வாங்கி ஒரு பூஸ்டர் வாங்கினேன்.
பச்சைப் பெட்டி. ஒரு திருகு. ஒரு முள்.
டக்.
டக்.
டக்.
இருநூற்றிருபது.
குக்கர் மூடி துள்ளியது.
பல்லில் ஒட்டாத உதிரிச் சோறு.
என் மகன் குழம்புகூடக் கேட்காமல் வெறுஞ்சோறு தின்றான்.

தின்றுவிட்டுக் கணக்குப் பார்த்தது என் தப்பு.
பெட்டி ஒன்றும் ஈன்று தருவதில்லை.
உள்ளே இரண்டேகால் ஆம்பியர் கொடுக்க
வெளியே நாலரை இழுக்கிறது.
முன்பு நான் எடுத்தது ஒன்றும் சொச்சமும்.
நாலு மடங்கு. யார் பேரில் பற்று எழுதுவது?
பதினாறாம் கம்பத்தில் டோ டின் யீ வீட்டு ட்யூப்லைட்
சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்துவிட்டு
எரிவதையே விட்டுவிட்டது.

போய்ச் சொல்லலாம் என்று எழுந்தேன்.
அதற்குள் அவள் வீட்டிலிருந்து ஒரு
டக்.
எதிரே மரியஞானம் வீட்டில்.
பதினொன்றில். ஒன்பதில்.
என் முள் நூற்றெண்பது, நூற்றைம்பது, நூற்றிருபது.
எல்லாரும் ஏற்றுகிறோம்.
எல்லாருக்கும் இறங்குகிறது.

முனையில் ஒரு நீல வெளிச்சம், ஒற்றை வெடி.
பிறகு தவளைகள்.

இந்தியாவிலிருந்து வந்த விஞ்ஞானப் புத்தகத்தில்
ஓம் கணக்குக்கு மின்தடை என்று பேர்.
இதற்கும் அதே பேர்தான்.
அதை வோல்ட்டை ஆம்பியரால் வகுத்துக் கண்டுபிடிக்கலாம்.
இதில் ஆம்பியர் பூஜ்யம்.
பூஜ்யத்தால் எந்தப் பேரேடும் வகுக்காது.

வேலிக்கு அந்தப் பக்கம் டோ டின் யீ
கரியடுப்பை ஊதும் சத்தம்.
தமின் சா பீ பிலா? சாப்பிட்டாயிற்றா?
வழக்கமாகக் கேட்பதுதான்.

உதிரிச் சோறு இன்னும் வயிற்றில் சுட,
இல்லை, இனிமேல்தான்
என்றேன்.